அரிசிச் சாப்பாடுதானே என்று நம்பலாமா? ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் குளூட்டன் ஒளிந்திருக்கும் இடங்கள்

சனிக்கிழமை சாயங்காலம். குடும்பத்தோடு வெளியே சாப்பிடலாம் என்று கிளம்பி, தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடையில் உட்காருகிறார்கள். தம்பிக்கு சிக்கன் நூடுல்ஸ். அப்பாவுக்குப் பரோட்டா. அக்காவுக்கு மட்டும் கோதுமை ஆகாது. அவளுக்கு சீலியாக் நோய் இருப்பதாக டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. "அவளுக்கு ஃப்ரைட் ரைஸ் சொல்லிடலாம், அரிசிதானே" என்கிறார் அம்மா.

இப்படிப் பல வீடுகளில் நடக்கும். அம்மா சொல்வதும் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஃப்ரைட் ரைஸில் ஊற்றுகிற சோயா சாஸில் கோதுமை இருக்கலாம். அதைக் கிளறும் கடாயில் இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் தம்பியின் நூடுல்ஸ் கிளறப்பட்டிருக்கும். அன்று இரவே அந்தப் பெண்ணுக்கு வயிற்று வலி வரலாம். வராமலும் போகலாம், ஆனால் குடலில் சேதம் நடந்துகொண்டிருக்கும்.

கோதுமையைத் தவிர்க்க வேண்டியவர்கள் வெளியே சாப்பிடும்போது மெனு கார்டைப் பார்த்து முடிவு செய்தால் போதாது. அடுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். எங்கே கவனிக்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

குளூட்டன் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளூட்டன். பரோட்டா மாவை இழுத்தால் அறுந்து போகாமல் நீள்கிறதே, அந்த இழுவைக்குக் காரணம் இதுதான். பன் உப்பி வருவதற்கும், பீட்சா ரொட்டி மெத்தென்று இருப்பதற்கும் இதுவே காரணம்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. "நாங்க கோதுமையே சாப்பிடறதில்ல, மைதாவும் ரவையும்தான்" என்பார்கள். மைதா, ரவை, சேமியா, சம்பா கோதுமை ரவை எல்லாமே கோதுமையிலிருந்து வருபவை. பெயர் மாறினாலும் குளூட்டன் மாறுவதில்லை. திருநெல்வேலி அல்வாவும் கோதுமைப் பாலில் கிண்டுவதுதான்.

அரிசி, உளுந்து, கடலை மாவு, சோளம், கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு ஆகியவற்றில் இயற்கையாகவே குளூட்டன் கிடையாது. ஓட்ஸ் மட்டும் கொஞ்சம் சிக்கலானது. வயலிலும் ஆலையிலும் அதில் கோதுமை, பார்லி கலந்துவிட வாய்ப்பு அதிகம். அதனால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று குறிப்பிட்ட ஓட்ஸைத் தவிர மற்றதைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

யாருக்கு இது பிரச்சினை?

மூன்று வகையினர் இருக்கிறார்கள். மூவருக்கும் ஆபத்து ஒன்று போல இல்லை.

முதல் வகை, சீலியாக் நோய் உள்ளவர்கள். குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்துகளை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற அமைப்புகள் தேய்ந்து போகும். வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், எவ்வளவு மாத்திரை சாப்பிட்டாலும் சரியாகாத ரத்தசோகை, சோர்வு, எலும்புத் தேய்மானம், குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு எனப் பல வடிவங்களில் இது தெரியவரும். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. இன்றைய நிலையில் இதற்கு ஒரே சிகிச்சை, வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத உணவுதான்.

இரண்டாவது வகை, கோதுமை அலர்ஜி உள்ளவர்கள். இது வேறு நோய். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் மாறலாம்.

மூன்றாவது வகை, இந்த இரண்டு நோயும் இல்லாமல், கோதுமை சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள். இவர்களுக்குக் குடல் சேதம் ஏற்படுவதில்லை. ஆனால் தொந்தரவு உண்மையானது.

இந்தக் கட்டுரையில் வரும் எச்சரிக்கைகள் முதல் இரண்டு வகையினருக்கு மிக முக்கியம்.

ரொட்டிதான் காரணம் என்று கண்டுபிடித்தது யார்?

இந்த நோய் பல காலமாகத் தெரிந்திருந்தாலும், காரணம் தெரியாமல் இருந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லம் காரல் டிக்கே, 1930-களிலேயே கோதுமை மீது சந்தேகப்பட்டார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45-ல் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது, இந்த நோய் இருந்த குழந்தைகள் மோசமாகவில்லை. போர் முடிந்து ரொட்டி மறுபடியும் வந்தபோது நோயும் திரும்பியது. 1950-ல் தன் ஆய்வேட்டில் கோதுமைதான் காரணம் என்று அவர் பதிவு செய்தார்.

எவ்வளவு சாப்பிட்டால் பாதிப்பு வரும்?

"ஒரு வாய்தானே, என்ன ஆகிடப் போகுது?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் குளூட்டன் போனால் பெரிய சேதம் இருக்காது என்று மருத்துவ உலகம் கருதுகிறது. தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தபோது குடலில் பாதிப்பு ஏற்பட்டதாக 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது.

ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராமோ அதற்கு மேலோ குளூட்டன் இருக்கும். அதாவது 2,000 மில்லிகிராம். அந்தப் பிரெட்டை 200 துண்டாக நறுக்கினால், அதில் ஒரே ஒரு துணுக்கில் இருப்பதுதான் 10 மில்லிகிராம். தட்டில் விழுந்த பரோட்டாத் துகள் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இதனால்தான் உலக அளவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று சொல்ல ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. இதை 20 பிபிஎம் என்று சொல்வார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யும் இதே வரம்பைத்தான் வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கிருமியைப் போல குளூட்டன் சூட்டில் சாகாது. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், தீயில் வாட்டினாலும் அப்படியே இருக்கும்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வட இந்தியாவைவிட மிகக் குறைவு. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. சீலியாக் நோயைக் காட்டும் எதிரணுக்கள் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடம் இருந்தன. தெற்கில் 0.10 சதவீதம் பேரிடம் மட்டுமே இருந்தன.

இந்த நோய்க்கான மரபணு தெற்கில் குறைவு என்பதல்ல காரணம். அது இரு பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. சாப்பாட்டில்தான் பெரிய வித்தியாசம். வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கில் 25 கிராம் மட்டுமே.

நோய் குறைவாக இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அரிதான நோய் என்பதால் ஹோட்டல் சமையல்காரருக்கோ பரிமாறுகிறவருக்கோ இதைப் பற்றித் தெரிய வாய்ப்பு குறைவு. "கோதுமை ஆகாது" என்று சொன்னால், டயட் இருக்கிறார் போல என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே, கேட்கும் பொறுப்பு முழுக்கச் சாப்பிட வருகிறவர் தலையில் விழுகிறது.

தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடை: ஆபத்து எங்கே?

தமிழ்நாட்டில் 'ஃபாஸ்ட் ஃபுட்' என்றாலே பர்கர் கடை நினைவுக்கு வராது. பெரிய தீயில் கடாயைக் குலுக்கி ஃப்ரைட் ரைஸும் நூடுல்ஸும் போடும் தள்ளுவண்டியும் சின்னக் கடையும்தான் நினைவுக்கு வரும். குளூட்டன் தவிர்ப்பவர்களுக்கு மிகக் கடினமான இடமும் அதுதான்.

சோயா சாஸ்: பாரம்பரியமாக சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைத்துத்தான் சோயா சாஸ் தயாரிக்கிறார்கள். ஃப்ரைட் ரைஸ், சில்லி சிக்கன், மஞ்சூரியன் எல்லாவற்றிலும் இது இருக்கும். பாட்டிலில் உள்ள பொருள் பட்டியலைப் பார்த்தால்தான் கோதுமை இருக்கிறதா என்று தெரியும்.

மைதா பூச்சு: கோபி 65, கோபி மஞ்சூரியன், காளான் ஃப்ரை, சிக்கன் 65 போன்றவற்றில் மொறுமொறுப்புக்காகச் சோள மாவோடு மைதாவும் சேர்ப்பார்கள். "கார்ன்ஃப்ளவர்தான் போடுறோம்" என்று சொன்னாலும், கூடவே மைதா உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஒரே கடாய், ஒரே கரண்டி: நூடுல்ஸ் போட்ட கடாயை ஒரு துணியால் துடைத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு எண்ணெய் ஊற்றுவது இங்கே வழக்கம். துடைப்பது போதாது. தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். 2020-ல் வெளியான சிறிய அமெரிக்க ஆய்வு ஒன்று இதில் ஒரு நல்ல செய்தி சொல்கிறது. கோதுமைப் பாஸ்தா வெந்த அதே தண்ணீரில் குளூட்டன் இல்லாத பாஸ்தாவை வேகவைத்தபோது குளூட்டன் ஏறியது. ஆனால் பாத்திரத்தைக் கழுவிவிட்டுச் சமைத்தபோது பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அதாவது புதுக் கடாய் வாங்கத் தேவையில்லை, கழுவினால் போதும். அதைக் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம்.

டிபன் ஹோட்டல்: இட்லி, தோசை பாதுகாப்பானதா?

இட்லியும் தோசையும் அரிசி, உளுந்தில் செய்பவை. உலகின் பல ஊர்களில் சீலியாக் நோயாளிகள் காலையில் என்ன சாப்பிடுவது என்று தவிக்கும்போது, இங்கே அந்தக் கவலை பாதி குறைவு. மீதிப் பாதிக்குத்தான் கவனம் தேவை.

பெருங்காயம்: பலருக்கும் தெரியாத இடம் இது. சுத்தமான பெருங்காயப் பிசின் நெடி அதிகம். அதனால் கடைகளில் கிடைக்கும் பெருங்காயத்தில் மாவும் பிசினும் கலந்திருப்பார்கள். இதைக் கூட்டுப் பெருங்காயம் என்று சொல்வார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு அல்லது மைதா. சில தயாரிப்புகளில் அரிசி மாவு. சாம்பார், ரசம், பொங்கல், வடை, மோர், இட்லிப் பொடி, சட்னித் தாளிப்பு என எங்கெல்லாம் பெருங்காயம் போகிறதோ அங்கெல்லாம் இந்தக் கேள்வி வரும்.

ஒரு கிண்ணம் சாம்பாரில் சேரும் அளவு சின்னதுதான். ஆனால் காலையில் பொங்கல், மதியம் ரசம், இரவு சாம்பார் என்று ஒரு நாளில் பலமுறை சேரும். ஹோட்டலில் எவ்வளவு போட்டார்கள் என்றும் தெரியாது. வீட்டில் கோதுமை கலக்காத பெருங்காயத்துக்கு மாறிவிடலாம். வெளியே சாப்பிடும்போது தேங்காய்ச் சட்னி பெருங்காயம் இல்லாமல் கிடைக்குமா என்று கேட்கலாம். அல்லது வீட்டில் அரைத்த பொடியைச் சின்ன டப்பாவில் கொண்டுபோகலாம்.

ரவை வகைகள்: ரவா தோசை, ரவா இட்லி, ரவா உப்புமா, கிச்சடி, கேசரி எல்லாமே கோதுமை. சாதாத் தோசை மாவிலும் சில கடைகளில் மொறுமொறுப்புக்காகக் கொஞ்சம் ரவையோ மைதாவோ கலப்பதுண்டு. வடை மாவு நீர்த்துவிட்டால் ரவை சேர்ப்பதும் உண்டு.

தோசைக் கல்: ரவா தோசை வார்த்த கல்லிலேயே உங்கள் சாதாத் தோசையும் வரும். சாயங்காலத்துக்குப் பிறகு பல கடைகளில் பரோட்டா, சப்பாத்தி, முட்டை தோசை எல்லாம் ஒரே கல்தான். தோசையைவிட இட்லி பாதுகாப்பானது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இட்லி தனிப் பாத்திரத்தில் ஆவியில் வேகிறது.

குருமாவும் சால்னாவும்: இவற்றைக் கெட்டியாக்க சில இடங்களில் மைதா கரைத்து ஊற்றுவார்கள். பார்த்தால் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

இடியாப்பம், புட்டு: அரிசி மாவுதான். ஆனால் அந்த மாவு எங்கே அரைத்தது? தெரு மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அடுத்து அரிசி போட்டால், முன்னால் அரைத்த மாவு கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். வீட்டுக்கு அரைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இட்லி மாவை வீட்டு கிரைண்டரில் அரைப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

பொரிக்கிற எண்ணெயில் என்ன பிரச்சினை?

ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வெறும் உருளைக்கிழங்கு. உளுந்து வடையில் உளுந்துதான். ஆனால் அதே எண்ணெயில் சமோசா, பூரி, மைதா பூசிய சிக்கன் எல்லாம் பொரிந்திருந்தால்?

அமெரிக்காவில் 2021-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கோதுமை உணவும் பொரிக்கும் பொது எண்ணெயில் ஃப்ரைஸ் போடும் 10 உணவகங்களிலிருந்து 20 ஆர்டர்கள் வாங்கிப் பரிசோதித்தார்கள். அவற்றில் 9-ல் குளூட்டன் இருந்தது. கால்வாசி ஆர்டர்கள் 20 பிபிஎம் வரம்பைத் தாண்டியிருந்தன. ஆக, எல்லா முறையும் மாட்டிக்கொள்வோம் என்றில்லை. ஆனால் எந்த முறை மாட்டுவோம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

டீக்கடை பஜ்ஜிக்கும் இது பொருந்தும். வாழைக்காய் பஜ்ஜியில் கடலை மாவுதான் இருந்தாலும், அதே சட்டியில் சமோசா பொரிந்திருக்கும்.

பர்கர், பீட்சா கடைகளில் நிலைமை என்ன?

பர்கருக்கு பன், பீட்சாவுக்கு மைதா ரொட்டி, ஃப்ரைடு சிக்கனுக்கு மாவுப் பூச்சு. மெனுவில் முக்கால்வாசி அங்கேயே அடிபட்டுவிடும். மீதி இருப்பதிலும் கவனம் வேண்டும். ஐஸ்கிரீமைக் கோனில் வாங்காமல் கப்பில் வாங்க வேண்டும். மால்ட் என்பது பெரும்பாலும் பார்லி. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள் கலந்த மில்க்ஷேக்கும் வேண்டாம்.

ஒரே பிராண்டு, ஒரே பெயர் என்றாலும் நாட்டுக்கு நாடு பொருள் மாறும். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸின் பொருள் பட்டியலில் கோதுமை சார்ந்த சுவையூட்டி இடம்பெறுகிறது. பிரிட்டனில் அதே நிறுவனத்தின் ஃப்ரைஸில் அது இல்லை. ஸ்பெயின், இத்தாலியில் கேட்டால் குளூட்டன் இல்லாத பன்னில் பர்கர் கிடைக்கும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே ஆர்டர் செய்யக் கூடாது.

'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருந்தாலும் முழுசாக நம்ப முடியாது. டோமினோஸ் நிறுவனம் 2012-ல் அமெரிக்காவில் குளூட்டன் இல்லாத பீட்சா ரொட்டியை அறிமுகப்படுத்தியது. ஆனால், அதே சமையலறையில் மைதாவும் பயன்படுத்துவதால் சீலியாக் நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று நிறுவனமே சொன்னது. ரொட்டியில் குளூட்டன் இல்லை, ஆனால் காற்றில் மாவு பறக்கிறது.

அமெரிக்காவில் உணவகங்களில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று சொல்லி விற்ற உணவுகளை வாடிக்கையாளர்களே சின்னக் கருவியால் சோதித்த விவரங்கள் 2019-ல் வெளியாயின. 5,600-க்கும் மேற்பட்ட சோதனைகளில் 32 சதவீதத்தில் குளூட்டன் தென்பட்டது. பீட்சாவில் மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாக்கெட் உணவுகளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ விதி தெளிவாக இருக்கிறது. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால், ஒவ்வாமை தரும் பொருள் என்று லேபிளில் குறிப்பிட வேண்டும். பொருள் பட்டியலுக்குக் கீழே 'கன்டெயின்ஸ் வீட்' அல்லது 'கன்டெயின்ஸ் குளூட்டன்' என்று ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்க்கலாம்.

உணவகங்களைப் பொறுத்தவரை, மத்திய உரிமம் பெற்றவையும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவையும் மெனுவில் கலோரி விவரத்தோடு ஒவ்வாமை விவரமும் தர வேண்டும். 2020-ல் கொண்டுவந்த இந்த விதி 2022-ல் நடைமுறைக்கு வந்தது. எனவே பெரிய சங்கிலிக் கடைகளில் ஒவ்வாமைப் பட்டியலைக் கேட்பது உங்கள் உரிமை. கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால் மேனேஜரிடம் கேட்கலாம்.

தெருமுனைக் கடைக்கு இந்த மெனு விதி பொருந்தாது. ஆனால் அந்தக் கடைக்காரர் கையில் இருக்கும் சாஸ் பாட்டிலுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் லேபிள் விதி பொருந்தும். அதனால் "இதுல கோதுமை இருக்கா?" என்று கேட்பதைவிட, "அந்த பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பது பலன் தரும். அவருக்கே தெரியாத பதில் லேபிளில் இருக்கும்.

கடையில் எப்படிக் கேட்பது?

'குளூட்டன்' என்ற வார்த்தை பல கடைகளில் புரியாது. பொருள் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். சில கேள்விகள்:

• "அண்ணே, தோசை மாவுல ரவை, மைதா ஏதாவது கலக்குறீங்களா?"
• "இந்தக் கல்லுல பரோட்டா, சப்பாத்தி போட்டீங்களா? தண்ணி ஊத்திக் கழுவிட்டுப் போட முடியுமா?"
• "அக்கா, சாம்பார்ல என்ன பெருங்காயம் போடுறீங்க? டப்பாவைப் பார்க்கலாமா?"
• "குருமாவுல மைதா கரைச்சு ஊத்துவீங்களா?"
• "இந்த எண்ணெயில சமோசா, பூரி பொரிச்சீங்களா?"
• "பிரியாணிக் கரண்டியைப் பரோட்டாத் தட்டுல வைக்காம தனியா எடுத்துத் தர முடியுமா?"

கூட்டம் இல்லாத நேரத்தில் போவது நல்லது. இரவு எட்டரை மணிக்குக் கடாயைக் கழுவச் சொன்னால் யாருக்கும் பொறுமை இருக்காது. கடை திறந்த உடனே போனால் கல்லும் எண்ணெயும் புதிதாக இருக்கும், பேசவும் நேரம் இருக்கும்.

சீலியாக் நோய் மருத்துவ ரீதியாக அலர்ஜி அல்ல. ஆனாலும் கடையில் "கோதுமை, மைதா, ரவை சாப்பிட்டா எனக்கு உடம்புக்கு ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி ஆயிடும்" என்று சொன்னால் உடனே புரியும். இதை ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு ஹோட்டல் சமையலறைகளில் வட மாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர் வேலை பார்ப்பதால், அட்டையின் மறுபக்கம் இந்தியிலும் எழுதி வைப்பது உதவும்.

ஆப்பில் ஆர்டர் செய்கிறவர்கள் குறிப்புப் பெட்டியில் எழுதிவிட்டு விடக் கூடாது. கடைக்கு போன் செய்து பேசிவிட்டு ஆர்டர் போடுவது நல்லது.

எதை ஓரளவு நம்பிச் சாப்பிடலாம்?

ஓரளவு பாதுகாப்பானவை: இட்லி, பெருங்காயம் இல்லாத தேங்காய்ச் சட்னி, வெள்ளைச் சோறு, தயிர், அவித்த முட்டை, தனிப் பாத்திரத்தில் வெந்த ஆப்பம், அவித்த சுண்டல், நறுக்கிய பழம், இளநீர், ஃபில்டர் காபி.

கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டியவை: தோசை, சாம்பார், ரசம், பொங்கல், வடை, பிரியாணி, இடியாப்பம், தயிர் சாதம், கிரில் சிக்கன், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், கேழ்வரகு அடை.

தவிர்க்க வேண்டியவை: பரோட்டா, கொத்து பரோட்டா, சப்பாத்தி, பூரி, ரவா வகைகள், சேமியா, நூடுல்ஸ், சமோசா, பானிபூரி, பன், பப்ஸ், பிஸ்கட், குலாப் ஜாமுன், கோதுமை அல்வா, சோயா சாஸ் ஊற்றிய எதுவும்.

'சிறுதானியம்' என்று எழுதியிருந்தால் உடனே நம்ப வேண்டாம். சிறுதானிய நூடுல்ஸ், கேழ்வரகு சேமியா, மல்ட்டிகிரெய்ன் பிரெட் போன்றவற்றில் கோதுமையோ மைதாவோ கலந்திருப்பது சகஜம்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்?

கோதுமை அலர்ஜி உள்ளவருக்கு மூச்சு வாங்குவது, முகம் வீங்குவது, மயக்கம் வருவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்காமல் 108-க்கு அழைக்க வேண்டும்.

சீலியாக் நோயாளிகளுக்கு அப்படி உடனடி உயிராபத்து இருக்காது. குளூட்டனை முறிக்கும் மாத்திரையும் கிடையாது. வாந்தி எடுக்க முயற்சி செய்யக் கூடாது. தண்ணீர், கஞ்சி குடித்து ஓய்வெடுக்கலாம். தொந்தரவு நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு முறை தவறியதை நினைத்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்று வாரா வாரம் சாப்பிடுவதுதான் ஆபத்து. வலி இல்லை என்பதற்காகச் சேதம் இல்லை என்று அர்த்தமில்லை.

எல்லோரும் குளூட்டனை விட வேண்டுமா?

வேண்டாம். சீலியாக் நோயோ, கோதுமை ஒவ்வாமையோ இல்லாதவர்கள் குளூட்டனை விடுவதால் உடல்நலத்துக்குத் தனிப் பலன் கிடைக்கும் என்று நிரூபணமாகவில்லை. குளூட்டன் இல்லாத பாக்கெட் பிஸ்கட்டும் பிரெட்டும் விலை அதிகம், நார்ச்சத்து பெரும்பாலும் குறைவு. குளூட்டன் இல்லை என்பதற்காக ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் சத்துணவாகிவிடாது.

அதைவிட முக்கியமான ஒரு விஷயம். சந்தேகம் இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதலில் 'டிடிஜி-ஐஜிஏ' என்ற சோதனை எடுப்பார்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் குடலிலிருந்து சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு சோதித்தால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

கூட வருகிறவர்கள் என்ன செய்யலாம்?

இந்த நோயில் மாத்திரை கிடையாது. மருந்து சாப்பாடுதான். அதனால் நோயாளிக்கு அதிகம் தொந்தரவு தருவது பல நேரங்களில் நோய் அல்ல, கூட இருப்பவர்களின் பார்வை. "ரொம்பப் பண்றா", "இவனோட வெளிய வந்தாலே இப்படித்தான்" என்ற பேச்சுக்குப் பயந்து கேள்வி கேட்காமல் சாப்பிட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. பள்ளி நண்பனின் பிறந்தநாளில் கேக்கை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படும் பையனுக்கு, வீட்டிலிருந்தே ஒரு மைசூர்பாகோ கடலை மிட்டாயோ கொடுத்து அனுப்பலாம். இரண்டும் கடலை மாவும் வேர்க்கடலையும்தான், கோதுமை இல்லை. கடையில் வாங்கினால் லேபிளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுபடியும் அந்த சனிக்கிழமைக் கடைக்கு வருவோம். அந்த அம்மா செய்யக்கூடியது ஒன்றுதான். எல்லோருக்கும் ஆர்டர் சொல்வதற்கு முன்னால், மகளுக்கான ஆர்டரை முதலில் சொல்ல வேண்டும். கடாயைக் கழுவி, சோயா சாஸ் இல்லாமல், எண்ணெயும் உப்பும் மிளகும் முட்டையும் மட்டும் போட்டு அரிசிச் சோற்றைக் கிளறித் தரச் சொல்லலாம். அது முடிந்த பிறகு அதே கடாயில் தம்பியின் நூடுல்ஸ் வரட்டும். வரிசையை மாற்றினாலே பாதி ஆபத்து குறையும். அதுவும் முடியாது என்று கடைக்காரர் சொன்னால், பக்கத்துக் கடையில் நாலு இட்லி வாங்கி வந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.